ஃபோம் ஷீட் அடுக்கி மெத்தை செய்வது: எதற்குக் காசு கொடுக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தனித்தனி ஃபோம் ஷீட்டுகளை வாங்கி ஒரு ஜிப் கவருக்குள் அடுக்கி மெத்தை செய்துகொள்வது நல்ல வழிதான். ஆனால் லாபம் வாங்குகிற அன்றைக்கே கைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கவர் விலை, ஷீட்டுகள் வீடு வந்து சேரும் செலவு எல்லாம் கூட்டினால், ஒரு சுமாரான ரெடிமேட் மெத்தையின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். வித்தியாசம் தெரிவது சில வருஷம் கழித்து. ரெடிமேட் மெத்தையில் மேலே இருக்கும் 2 இஞ்ச் குழி விழுந்தால் மொத்த மெத்தையும் போச்சு. இங்கே ஜிப்பைத் திறந்து அந்த ஒரு ஷீட்டை மாற்றினால் வேலை முடிந்தது. மெத்தையில் முதலில் சாவது பெரும்பாலும் மேல் அடுக்குதான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இது யாருக்குச் சரிவராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டிக் கொடுத்த ஃபோமைப் பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளும் சலுகை, பத்து வருஷ வாரண்டி இதெல்லாம் முக்கியம் என்று நினைப்பவர்கள் ரெடிமேட் பக்கமே போகலாம். தனியாக இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சிரமம். பெரிய லேடெக்ஸ் (ரப்பர் பால் நுரை) ஷீட்டை ஒரே ஆள் தூக்கிக் கையாள முடியாது.

அடர்த்தி வேறு, கெட்டி வேறு

ஃபோம் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ஏமாறுவது இந்த ஒரு இடத்தில்தான். கையால் அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் 'நல்ல ஃபோம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. எத்தனை காலம் உழைக்கும் என்பதை அதுதான் சொல்லும். கெட்டித்தன்மை என்பது அமுக்கினால் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது. ரசாயனக் கலவையை மாற்றினால் 20 அடர்த்தி ஃபோமைக்கூடக் கல் மாதிரிக் கெட்டியாகச் செய்ய முடியும். கடையில் அமுக்கிப் பார்க்கும்போது அருமையாக இருக்கும், வருஷம் திரும்புவதற்குள் இடுப்புக்குக் கீழே பள்ளம் தெரியும்.

கெட்டித்தன்மையை ஐ.எல்.டி. அல்லது ஐ.எஃப்.டி. என்ற எண்ணால் சொல்வார்கள். 15 இஞ்ச் சதுரமும் 4 இஞ்ச் தடிமனும் உள்ள துண்டை, 50 சதுர இஞ்ச் பரப்புள்ள வட்டத் தட்டால் அழுத்தி, தடிமனில் 25 சதவீதம் உள்ளே இறக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதுதான் அந்த எண். 14 என்றால் நன்றாக அமுங்கும், 24 நடுத்தரம், 36 கெட்டி. சில தயாரிப்பாளர்கள் இதையே நியூட்டனில், 40 சதவீத அழுத்தத்தில் அளந்து போடுவார்கள். அந்த எண்ணைப் பவுண்டு எண்ணோடு பெருக்கி வகுத்து ஒப்பிடக் கூடாது, இரண்டும் வெவ்வேறு சோதனை. 'சாஃப்ட்', 'மீடியம்', 'ஆர்த்தோபீடிக்' என்ற சொற்களுக்கோ பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அட்டையில் அவை மட்டுமே இருந்து எண் இல்லாவிட்டால், எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் அடி அடுக்குக்கான ஃபோமை வாங்காதீர்கள்.

அடர்த்தி உண்மைதானா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, எடை மெஷின் போதும். 150 செ.மீ. அகலம், 200 செ.மீ. நீளம் உள்ள ஷீட்டில் ஒவ்வொரு இஞ்ச் தடிமனும் 0.0762 கன மீட்டர். ஆகவே 32 அடர்த்தி ஃபோம் இஞ்சுக்குச் சுமார் 2.4 கிலோ, 40 அடர்த்தி என்றால் 3 கிலோவுக்குச் சற்று மேல். 5 இஞ்ச் ஷீட்டை '40 அடர்த்தி' என்று சொல்லி விற்றால் அது 15 கிலோவைத் தொட வேண்டும். 11 கிலோதான் வந்தது என்றால் உங்களிடம் இருப்பது 29 அடர்த்தி. முதலில் நீங்கள் மட்டும் மெஷினில் நின்று, பிறகு ஷீட்டைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்த்தால் போதும்.

எடையையும் ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. சுண்ணாம்புக்கல் தூளை, அதாவது கால்சியம் கார்பனேட்டை, கலவையில் சேர்த்துவிட்டால் ஃபோம் கனக்கும், உழைக்காது. வெட்டிய முகத்தைக் கறுப்புத் துணியில் அழுத்தித் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டும். சின்னத் துணுக்கைக் கிள்ளினால் இழுபடாமல் பொடிந்து வரும்.

இன்னொரு சோதனைக்கு ஒரு நாள் பொறுமை வேண்டும். விற்பவரிடம் கையகலத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, தடிமனை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, சரிபாதித் தடிமனுக்கு இறுக்கிக் கட்டி 22 மணி நேரம் விடுங்கள். அவிழ்த்து அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால், நல்ல ஃபோம் கிட்டத்தட்ட முழுசாக எழுந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் இதே சோதனையை 70 டிகிரி சூட்டில் செய்வார்கள். அறைச் சூட்டிலேயே 5 சதவீதத்துக்கு மேல் தடிமன் இழந்த துண்டு, மெத்தைக்கு லாயக்கில்லை.

எந்த ஃபோம் எதற்கு

சாதாரண பி.யு. (பாலியூரிதேன்) ஃபோம் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். 28 அடர்த்திக்குக் கீழே தினமும் பெரியவர்கள் படுக்கும் மெத்தைக்கு எடுக்கவே வேண்டாம். 32-க்கு மேல் என்றால் அடி அடுக்குக்குத் தாராளமாக ஓடும். மேல் அடுக்காக வைத்தால் சீக்கிரம் துவண்டுவிடும்.

ஹெச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ், அதாவது துள்ளல் அதிகம் உள்ள) ஃபோம் அதே குடும்பம்தான், கலவை வேறு. காற்றறைகள் ஒரே அளவாக இல்லாமல் சிறிதும் பெரிதுமாக இருப்பதால், முதலில் இளக்கம் கொடுத்து அமுங்க அமுங்க எதிர்த்து நிற்கும். இந்தக் குணத்தை அளக்க ஓர் எண் உண்டு: 65 சதவீதம் அமுக்கத் தேவைப்படும் விசையை 25 சதவீத விசையால் வகுப்பது. சாதாரண பி.யு. ஃபோமில் அது 2-ஐ ஒட்டி இருக்கும், ஹெச்.ஆர். என்றால் 2.4-க்கு மேல் இருக்க வேண்டும். 40 அடர்த்தியும் அதற்கு மேலும் உள்ள ஹெச்.ஆர்., காசுக்குக் கிடைக்கும் பலனை வைத்துப் பார்த்தால் இந்த வேலைக்கே முதல் இடம் பெறும் பொருள். அடியிலும் நடுவிலும் வைக்கலாம், மேலே வைக்க வேறு வாங்க முடியாதபோது மேலேயும் வைக்கலாம். ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்றால் இதையே இரண்டு கெட்டித்தன்மையில் வாங்கி முடித்துவிடலாம்.

ரீபாண்டட் என்பது ஃபோம் துணுக்குகளைத் தூளாக்கிப் பசை சேர்த்து அழுத்திச் செய்த பலகை. பல நிறப் புள்ளிகளோடு இருக்கும். கனமானது, கெட்டியானது, பெரும்பாலும் மலிவு. நல்லது என்றால் 90 அடர்த்தியாவது இருக்கும், 150-க்கு 200 அளவில் 4 இஞ்ச் ஷீட் 27 கிலோ தாண்டும். உடம்பு கனமானவர்களுக்கும், மல்லாந்து படுத்துக் கெட்டியான படுக்கை கேட்பவர்களுக்கும் அடி அடுக்காக இது பொருத்தம். குறை என்னவென்றால் தரம் ஒரே சீராக இருக்காது. ஓரத்தை விரலால் நிமிண்டும்போது துணுக்குகள் உதிர்ந்தால் பசை குறைவு என்று அர்த்தம். இதற்கு நேர் மேலே 1 இஞ்ச் மென்மையான ஷீட் மட்டும் போட்டுப் படுத்தால் தோளும் இடுப்பும் பலகையைத் தொட்டுவிடும்.

மெமரி ஃபோம், அதாவது அமுக்கிவிட்டால் மெதுவாக எழும்பும் ஃபோம், பற்றி விளம்பரங்கள் சொல்லாத இரண்டு விஷயங்கள். சூடு பட்டால் இளகும், குளிரில் இறுகும், அதனால் குளிர்ந்த அறையில் கடையில் தொட்டுப் பார்த்ததும் வீட்டில் படுத்துப் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. உடம்பைச் சுற்றி வளைத்துக்கொள்வதால் காற்றோட்டமும் குறையும். 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக விமான இருக்கைக்கென உருவாக்கியபோது அதிர்ச்சியைத் தாங்குவதுதான் நோக்கமாக இருந்தது, ராத்திரி முழுக்கக் குளுமையாக வைத்திருப்பதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. ஜெல் கலந்தது முதலில் சில்லென்று இருக்கும், உடம்புச் சூட்டை உறிஞ்சி முடித்ததும் அந்தச் சில்லிப்பு போய்விடும். வாங்குவதென்றால் 50 அடர்த்திக்குக் குறையாமல், முடிந்தால் 64 அல்லது 80, அதுவும் 2 இஞ்ச் தடிமனுக்கு மேல் வேண்டாம். புழுக்கம் தாங்காதவர்கள் அதை மேலே போடாமல் ஒரு இஞ்ச் லேடெக்ஸுக்குக் கீழே வைத்தால் அழுத்தம் குறையும், சூடும் அவ்வளவு தெரியாது.

லேடெக்ஸ் விலையில் உச்சம், உழைப்பிலும் உச்சம். இரண்டு முறையில் செய்கிறார்கள். டன்லப் முறையில் நுரையை அச்சில் ஊற்றி அப்படியே வேகவைப்பார்கள், கனமான துகள்கள் கீழே படிவதால் ஷீட்டின் ஒரு முகம் சற்றுக் கெட்டியாக இருக்கும். டலலே முறையில் வெற்றிடத்தில் விரியவைத்து, உறையவைத்து, பிறகு வேகவைப்பதால் ஒரே சீராக, இன்னும் மெத்தென்று வரும். டன்லப் வாங்கியவர்கள் ஒரு முகம் பிடிக்கவில்லை என்றால் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லாத மாற்றம். 75 அடர்த்தி லேடெக்ஸ் மேலே சொன்ன அளவில் இஞ்சுக்கு 5.7 கிலோ வரும், 2 இஞ்ச் என்றால் 11 கிலோவுக்கு மேல். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பட்ஜெட் இடிக்கும்போது 6 இஞ்சும் லேடெக்ஸாகப் போட ஆசைப்படுவது வீண். அடியில் இருக்கும் லேடெக்ஸின் துள்ளலை உடம்பு உணர்வதே இல்லை, அங்கே ஹெச்.ஆர். செய்யும் வேலையே போதும். லேடெக்ஸை மேலே 2 இஞ்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கும் கணக்கு

மூன்று அடுக்கு போதும். அடியில் தாங்கும் அடுக்கு, மேலே மெத்தென்ற அடுக்கு, இரண்டுக்கும் நடுவே ஒன்று. நடு அடுக்கைத்தான் பலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடுகிறார்கள். ஐ.எல்.டி. 14 உள்ள மெத்தென்ற ஷீட்டை நேராக 40 உள்ள பலகை மேல் வைத்தால், எடை அதைத் துளைத்துக்கொண்டு அடியைத் தொடும். மேலே பஞ்சு, கீழே தரை என்ற உணர்வு வரும். நடுவில் 24 முதல் 28 வரை உள்ள 2 இஞ்ச் ஷீட் இருந்தால் அமுங்குதல் படிப்படியாக இறங்கும்.

70 கிலோ சுமார் உள்ள ஒருவர் பக்கவாட்டிலும் மல்லாந்தும் மாறி மாறிப் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடியில் 40 அடர்த்தி ஹெச்.ஆர். 5 இஞ்ச், ஐ.எல்.டி. 34-36. நடுவில் அதே அடர்த்தியில் 2 இஞ்ச், ஐ.எல்.டி. 26 சுமார். மேலே 2 இஞ்ச் லேடெக்ஸ், 18-20. மொத்தம் 9 இஞ்ச், 33 கிலோ அளவு. இதுவே நடு விலைக்கான நல்ல கலவை. இன்னும் குறைக்க வேண்டும் என்றால் லேடெக்ஸின் இடத்தில் 50 அடர்த்தி மெமரி ஃபோமோ, 18 ஐ.எல்.டி. உள்ள ஹெச்.ஆர். ஷீட்டோ வையுங்கள். அடி அடுக்கின் அடர்த்தியில் கை வைக்காதீர்கள். மேல் அடுக்கைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அடி அடுக்கு இறங்கினால் அதன் மேல் எதைப் போட்டாலும் பள்ளத்தின் வடிவம்தான் மேலே வரும்.

முழுக்கப் பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தோள் இறங்க இடம் வேண்டும், மேல் அடுக்கு 3 இஞ்ச் வரை போகலாம். குப்புறப் படுப்பவர்களுக்கு அதே 3 இஞ்ச் கெடுதல், வயிறு இறங்கி இடுப்பு வளையும். அவர்களுக்கு 1 இஞ்சே தாராளம். 90 கிலோ தாண்டியவர்கள் எல்லா அடுக்கிலும் ஒரு படி கெட்டியாகவும், அடி அடுக்கை ஒரு இஞ்ச் கூடவும் வைக்க வேண்டும். 50 கிலோ உள்ளவர்களுக்கு நேர் எதிர். அவர்கள் எடைக்குக் கீழ் அடுக்குகள் வேலையே செய்யாது, மேல் ஷீட்டின் மென்மைதான் எல்லாம். கைக்குழந்தைகளை இப்படிப்பட்ட மெத்தென்ற மெத்தையில் தனியாகப் படுக்கவைக்கக் கூடாது, முகம் புதைந்தால் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

இரண்டு பேர் படுக்கும் மெத்தையில் ஒருவர் 55 கிலோ, மற்றவர் 90 என்றால், நடு அடுக்கை மட்டும் நீளவாக்கில் இரண்டாக வாங்குங்கள், ஆளுக்கேற்ற கெட்டித்தன்மையில். மேல் ஷீட்டைப் பிரிக்காமல் ஒரே துண்டாகப் போட்டால் நடுக்கோடு முதுகில் தட்டாது. ரெடிமேடில் இந்த வசதிக்கு நிறையக் காசு கேட்பார்கள்.

இடுப்பு மட்டும் இறங்குகிறது என்பவர்கள் அடி அடுக்கைக் குறுக்காக மூன்றாகப் பிரிக்கலாம். 200 செ.மீ. நீளத்தை 70, 60, 70 என்று பிரித்து நடுத் துண்டை மட்டும் கெட்டியாக வாங்குவது. தலைமாட்டில் விடும் இடத்தையும் சேர்த்து, நடுத்தர உயரம் உள்ளவரின் இடுப்பு அநேகமாக 95 முதல் 100 செ.மீ.க்குள் வரும், அது நடுத் துண்டின் மேலேயே விழும். இரு பக்கமும் சமமாக 70 வைத்திருப்பதால் மெத்தையைத் தலைகால் மாற்றிப் போட்டாலும் கணக்கு தப்பாது. இந்த இணைப்புகள் அடி அடுக்கில் மட்டும் இருக்கட்டும். மேல் அடுக்கில் துண்டுகளைச் சேர்த்து மிச்சம் பிடிக்க நினைத்தால் ஒரு மாதத்தில் வருத்தப்படுவீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். அடி, நடு இரண்டையும் முதலில் வாங்கி ஒரு பழைய விரிப்பைச் சுற்றிச் சில நாள் படுங்கள். அது எவ்வளவு கெட்டி என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு மேல் ஷீட்டின் ஐ.எல்.டி.யை முடிவு செய்தால் ஊகம் பாதி குறையும்.

பழைய மெத்தையின் அடிப்பகுதி இன்னும் சமமாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம். பூஞ்சை, மூட்டைப்பூச்சி இரண்டும் இல்லை என்று தெரிந்தால் மட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: சில மலிவு மெத்தைகளில் தீத் தடுப்புக்காகக் கவருக்கு உள்ளே கண்ணாடி இழை உறை இருக்கும். லேபிளில் அது எழுதியிருந்தாலோ, வெளிக் கவரைக் கழற்றாதே என்று இருந்தாலோ, திறக்கவே கூடாது. அந்த இழை அறை முழுக்கப் பரவினால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

வெட்டுவது, ஒட்டுவது

அளவுக்கு வெட்டியே தருபவர்களிடம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சுருட்டி, காற்றை உறிஞ்சி அடைத்து வரும் ஷீட் என்றால் பிரித்த உடனே அளக்காதீர்கள், முழுசாக விரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அதற்குள் வெட்டியவர்களுக்குப் பிறகு ஓரம் கோணலாக வளரும். வாசனையும் அந்த நாட்களில் அடங்கிவிடும், ஜன்னல் திறந்த அறையில் நிமிர்த்தி வையுங்கள்.

வீட்டில் வெட்ட வேண்டி வந்தால், இறைச்சி அறுக்கும் மின்கத்தி இருந்தால் அதற்கு ஈடில்லை. இல்லாதவர்கள் நீளமான ரொட்டிக் கத்தியை எடுக்கலாம், அலகு ஃபோமின் தடிமனைவிட ஒரு சாணாவது நீண்டிருக்க வேண்டும். இரண்டு முகத்திலும் கோடு போட்டு, வெட்டும் இடம் மேஜை ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி வைத்து, இரண்டு மூன்று செ.மீ. ஆழமாகப் பல முறை ஓட்டுங்கள். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் கத்தி உள்ளே வளைந்து அடிமுகம் சாய்வாக வரும். முக்கியமாக, இடது கையால் ஃபோமை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. அமுக்கி வெட்டினால் விட்டதும் ஓரம் குழிந்து நிற்கும். கவருக்குள் வைப்பதற்கு அரை செ.மீ. கூடுதலாக வெட்டுவது நல்லது, குறைவாக வெட்டினால் கவர் ஓரத்தில் மடிப்பு விழும்.

அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டாம். ஒட்டிவிட்டால் இத்தனை பாடும் வீண், அந்த ஷீட்டைத் தனியே கழற்ற முடியாது. ஃபோமுக்கும் ஃபோமுக்கும் உள்ள பிடிப்பே அதை நகராமல் வைத்திருக்கும், லேடெக்ஸ் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஒரே அடுக்கின் இரண்டு துண்டுகளை இணைக்க மட்டும் ஃபோமுக்கான ஸ்ப்ரே பசையோ நீர் கலந்த பசையோ போதும். இரு முகத்திலும் அடித்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். மேல் விளிம்பில் 1 செ.மீ. பசை இல்லாமல் விடுங்கள், இல்லையென்றால் காய்ந்த பசை வரப்பு மாதிரித் தடிக்கும். மரத்துக்கும் தோலுக்கும் போடும் கரைப்பான் பசையை லேடெக்ஸில் தொடக்கூடாது, ரப்பர் ஊறி உப்பிவிடும்.

லேடெக்ஸைத் தூக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியும். சுருட்டி, இரண்டு பேராகக் கொண்டுபோய், படுக்கையின் மேலேயே விரிக்க வேண்டும்.

கவரும் கட்டிலும்

நாலு பக்கமும் ஜிப் ஓடும் கவர் வாங்குங்கள். மூன்று பக்க ஜிப் மலிவு, ஆனால் 30 கிலோ ஃபோமை அதற்குள் திணிப்பது தண்டனை. நாலு பக்க ஜிப் என்றால் அடிப்பாதியைக் கட்டிலில் விரித்து, ஷீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, மேல்பாதியைப் போர்த்தி மூடலாம். எப்போது வேண்டுமானாலும் மேல்பாதியை மட்டும் கழற்றித் துவைக்கலாம்.

கவர்தான் பலருடைய கணக்கைக் கெடுக்கும் கள்ளன். இழுவையில்லாத நெய்த துணியை இறுக்கமாகப் போட்டால் மேலே அது மேளத்தோல் மாதிரி விறைத்து நிற்கும், உள்ளே எத்தனை விலைக்கு லேடெக்ஸ் இருந்தாலும் தெரியாது. 'மேல் ஷீட் கெட்டியாக இருக்கிறது' என்ற புகாரில் நிறைய கவரால் வருவது. கவரைத் திறந்துவிட்டு ஒரு பருத்தித் துணி மட்டும் விரித்துப் படுத்தால் உண்மை தெரிந்துவிடும். நான்கு திசையிலும் இழுபடும் பின்னல் துணிக் கவரே அடுக்கு மெத்தைக்கு ஏற்றது. பின்னாளில் ஒரு இஞ்ச் கூட்டினாலும் குறைத்தாலும் அது சமாளிக்கும். கவரின் உயரம் ஷீட்டுகளின் கூட்டுத் தடிமனுக்குச் சமமாக இருக்கட்டும்.

கட்டில் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 7 செ.மீ.க்கு மேல் போனால் ஃபோம் அதற்குள் பிதுங்கும். முழு பிளைவுட் பலகை என்றால் எதிர்ப் பிரச்சினை: உடம்பின் ஈரம் கீழே இறங்கி வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். பலகையில் ஆங்காங்கே 25 மி.மீ. துளைகள் போடுவது சுலபத் தீர்வு. வெறும் தரையில் விரிப்பவர்கள் தினமும் காலையில் ஓரத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும்.

படுத்துப் பார்த்துச் சரிசெய்வது

முதல் இரண்டு வாரம் எந்த மெத்தையும் விநோதமாகத்தான் இருக்கும், அதற்குள் காசு செலவழித்து எதையும் மாற்ற வேண்டாம். பிறகும் உறுத்தினால் உடம்பு சொல்வதைக் கேட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஒரு வாரம் கொடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

காலையில் எழும்போது கீழ்முதுகு வலித்து, நடமாட ஆரம்பித்ததும் போய்விடுகிறது என்றால் இடுப்பு அதிகம் இறங்குகிறது. மேல் ஷீட்டை நடுவுக்கும் நடு ஷீட்டை மேலுக்கும் மாற்றிப் பாருங்கள். பல சமயம் இந்தக் காசில்லாத வைத்தியமே போதும். பக்கவாட்டில் படுக்கையில் தோள் மரத்துப்போனாலோ கை கூசினாலோ மேலே மென்மை போதவில்லை, அல்லது நடு அடுக்கு மிகக் கெட்டி. முட்டி போட்டு நிற்கும்போது அடியைத் தொட்டால் கவலைப்பட வேண்டாம். அங்கே எடை முழுக்கச் சின்ன இடத்தில் விழுகிறது. உட்காரும்போதே அடியைத் தொட்டால்தான் அடி அடுக்கு மெல்லியது. நடுவை நோக்கி உருள்கிற மாதிரி இருந்தால் மெத்தையைக் குறைசொல்லும் முன் கட்டில் சட்டங்களைப் பாருங்கள்.

முதுகெலும்பு எப்படி நிற்கிறது என்று பார்க்க, பக்கவாட்டில் படுத்து, பின்னாலிருந்து யாரையாவது ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை கோடு நேராக இருக்க வேண்டும். தொட்டில் மாதிரி வளைந்தால் இடுப்புக்குக் கீழே இளக்கம் அதிகம், நடு மேலெழும்பினால் தோளும் இடுப்பும் இறங்கவில்லை. தலையணை உயரத்தையும் இதோடு சேர்த்துச் சரிபாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்த மெத்தையையும் தலைகால் மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஜிப்பைத் திறந்து ஷீட்டுகளைத் தனித்தனியே புரட்டினால் குழி ஒரே இடத்தில் சேராது. வெயிலில் போட வேண்டாம். பஞ்சு மெத்தைக்கு வெயில் நல்லது, லேடெக்ஸுக்கோ அது எமன், மேல்தோல் வெடித்து உதிர ஆரம்பிக்கும். பி.யு. ஃபோமும் மஞ்சளித்துப் பொடியும். நிழலில் காற்றாடவிடுவதே சரி. ஃபோமைத் தண்ணீரில் துவைக்கவும் கூடாது, உள்ளே போன ஈரம் காயாது. கவருக்கு மேல் ஒரு மெல்லிய வாட்டர்ப்ரூஃப் உறை போட்டால் வியர்வையும் சிந்தியதும் உள்ளே இறங்காது. அது விறைப்பான பிளாஸ்டிக்காக இல்லாமல் இழுபடும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கவருக்குச் சொன்ன அதே குறை இங்கேயும் வரும்.

தீ விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பி.யு. ஃபோம் பற்றினால் வேகமாக எரியும், புகை விஷம். பல நாடுகளில் விற்பனைக்கு வரும் மெத்தைகளுக்குத் தீத் தடுப்பு விதிகள் இருக்கின்றன. வீட்டில் அடுக்கிய மெத்தையில் அந்தத் தடுப்பு இருக்காது, கம்பளி உள்ள கவர் வாங்கினால் ஓரளவு கிடைக்கும். படுக்கையில் புகைபிடிப்பது, மெழுகுவர்த்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

எந்த ஷீட் இறங்கியது என்று கண்டுபிடிப்பது சுலபம். கவரைக் கழற்றி, ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்து, குறுக்கே ஒரு நேரான கம்பியை வையுங்கள். கம்பிக்கும் ஃபோமுக்கும் நடுவே இடைவெளி தெரிகிற ஷீட்தான் குற்றவாளி. 2 இஞ்ச் மேல் ஷீட்டில் அரை இஞ்ச் தெரிந்தால் மாற்றும் நேரம். கழற்றிய ஷீட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குழி விழாத தலைமாட்டுப் பக்கமும் கால்மாட்டுப் பக்கமும் வெட்டினால் உட்காரும் மெத்தைகளுக்கும் தலையணைக்கும் ஆகும். புது ஷீட் வாங்கும்போது பழையதன் அடர்த்தியும் ஐ.எல்.டி.யும் கையில் இருக்க வேண்டும். அவற்றை வாங்கிய தேதியோடு ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் மார்க்கர் பேனாவால் முதல் நாளே எழுதிவைத்துவிடுங்கள்.